சிவப்பின் மேல் நீலம்

விண்டம், கனெக்டிகட்
12 ஜூன் 1769

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெருஷாவுக்கு அக்கா கெசியா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தான் ஒபதியாவும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே நியூபோர்ட்டில் நீயும் பெலேக் மாப்பிள்ளையும் சுகமா? மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, சோம்பலா? சோம்பல் என்றால் மன்னித்தேன்.

முதலில் உட்கார். நின்றுகொண்டு வாசிக்கிற சேதி இல்லை இது. நம் ஹல்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது! மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற அசாகேல். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். நம் வாசல் நிலையில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டான். மூன்றாம் தடவை வந்தபோது ஹல்டா உள்ளே இருந்தபடியே “குனிங்க!” என்று கத்தினாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை, நம் வீட்டுக் கூடத்திலேயே போதகர் நடத்தி வைக்கிறார்.

மாப்பிள்ளையின் தாயார் தாமரிஸ் அம்மாள் இருக்கிறாளே, அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். ராஜாவின் மந்திரிகள் நம் தலையில் வரியைக் கட்டியதிலிருந்து இந்த ஊரில் யாரும் இங்கிலாந்துச் சரக்கை வாங்குவதில்லை. தேயிலையை விட்டுவிட்டோம். ராஸ்பெரி இலையைக் காய்ச்சி, முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பழகிவிட்டோம். போன மாதம் போதகர் வீட்டில் நூற்பு நாள் நடந்தது. விடிவதற்குள் பெண்கள் ராட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாலை முழுக்க ராட்டைச் சக்கரம், ஜெருஷா! நீ பார்த்திருக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே அந்தி வரை நூற்றோம். அங்கேதான் தாமரிஸ் அம்மாள் என் நூல் சிட்டத்தை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, சபைப் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

“நிலம் வேணாம், பசு வேணாம். பொண்ணு கொண்டு வர்ற கட்டில்ல இங்கிலாந்து நூல் ஒத்த இழை இருக்கப்படாது. இருந்தா கல்யாணம் இல்ல.”

“ஒத்த இழையும் இருக்காது சம்பந்தி. எங்க ஆட்டு மேல ஆணை” என்றேன் நான்.

ஆணையிட்டிருக்கக் கூடாது. அன்று ஜெபத்தில் அதற்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வாக்கு வாக்குதான். ஹல்டாவின் கட்டிலுக்கு ஒரு மெத்தைப் போர்வை. மேல்துணி அவுரி நீலம், அடித்துணி மஞ்சள், நடுவே திணிக்க நம் ஆட்டுக் கம்பளி. எல்லாம் நம் கை, நம் தறி. அக்டோபரில் ஊர்ப் பெண்களை அழைத்து மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்துவிட வேண்டும். மேலே இறகும் கொடியும் மாதுளையும் சுண்ணாம்புக் கட்டியால் வரைய உன் கைதான் வேண்டும். நீ வருகிறாய். கேள்வியே இல்லை.

உன் பதிலுக்கு ஜன்னலோரம் காத்திருக்கும்
கெசியா


நியூபோர்ட்
3 ஜூலை 1769

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். பூனை எழுந்து ஓடிவிட்டது. ஹல்டாவா! என் மடியில் உட்கார்ந்து என் காதணியைப் பிடித்து இழுத்தவளா! அவளுக்கும் அந்த நெற்றி வீங்கிய பையனுக்கும் சித்தியின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம். பெலேக் பெரும்பாலும் கிடங்கிலேயே இருக்கிறார்.

சோம்பல்தான் அக்கா, வேறொன்றும் இல்லை. போன வருஷம் என் கூடத்தில் தையல் சட்டம் போட்டு எட்டுப் பேர் உட்காருவோமே, அந்த இடத்தில் இப்போது பூனை வெயில் காய்கிறது. கோடைகாலம், அவரவருக்கு வேலை. ஆலயத்திலும் இடம் மாறி, தூணுக்குப் பின்னால் உட்காருகிறோம். அங்கே வெயில் படாது.

நான் வருவது பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியவில்லை. பூவேலையைக் காகிதத்தில் முழு அளவுக்கு வரைந்து இத்துடன் சுருட்டி அனுப்புகிறேன். ஊசியால் கோட்டின் மேல் துளையிட்டு, துணியில் விரித்துச் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்தால் அப்படியே பதியும். மாதுளையைச் சற்றுச் சாய்த்துப் போட்டிருக்கிறேன். நிமிர்ந்து நின்றால் வெங்காயம் போலத் தெரிகிறது.

உன் சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். இழையை விரலில் உருட்டியே ஊர் சொல்லிவிடுவாளா என்ன? பயமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.
ஜெருஷா


விண்டம்
30 ஜூலை 1769

என் அருமை ஜெருஷா,

சர்வ வல்லவர் உன்னைக் காக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் புல் அறுத்ததில் இடுப்புப் பிடித்திருக்கிறது.

உன் வரைபடத்தைக் கூடத்தில் விரித்தேன். ஹல்டா அதன் மேல் நடக்கப் போனாள், அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். எவ்வளவு அழகு! அந்த மாதுளையைப் பார்த்து உன் அத்தான், “இதைப் பாத்தா பசிக்குது” என்றார்.

நீலம் எடுத்துவிட்டோம்! அவுரி கரையப் புளித்த சிறுநீர் வேண்டும் என்பது உனக்கு மறந்திருக்காது. அடுப்போரம் நீலப் பானையை வைத்து, வீட்டு ஆண்பிள்ளைகள் யாரும் வேலிப் பக்கம் போகக் கூடாது, பானைக்கே கப்பம் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அசாகேல் வந்திருந்தபோது உன் அத்தான் சும்மா இருக்காமல், “மருமகனே, ஆப்பிள் மது இன்னொரு குவளை குடிங்க. கல்யாணப் போர்வையில உங்க பங்கும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பையன் காது மடல் வரை சிவந்து போனான். ஆனால் குடித்தான். நூல் பானையிலிருந்து பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறுகிறதே, ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இனிக் கெட்ட சேதி. போன வாரம் யாருடைய நாய்களோ பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. பாதிக்கு மேல் போய்விட்டது. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நூல் இருக்கிறது. நடுவே வைக்கக் கம்பளி இல்லை. சம்பந்தியிடம் போய் நிற்க மாட்டேன். அதைவிடக் குளிரில் சாகலாம்.

அம்மாவின் பழுப்புக் கம்பளி உன்னிடம்தானே இருக்கிறது? பழைய கம்பளியை நடுவில் வைத்துத் தைப்பது எல்லோரும் செய்வதுதான். அம்மாவே நூற்று, அம்மாவே நெய்தது. அதில் அந்நிய இழைக்கு வழியே இல்லை. அதை அனுப்பு. பேத்தி கட்டிலுக்குள் அம்மா இருந்தது போலவும் ஆயிற்று.

என்றும் உன்
கெசியா


நியூபோர்ட்
25 ஆகஸ்ட் 1769

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

வண்டிக்காரரிடம் மூட்டை கொடுத்திருக்கிறேன். அம்மாவின் கம்பளி இற்றுப்போய் இழை இழையாகக் கொட்டுகிறது. அதனால் நம் வீட்டு நாரில் நெய்த லினன் துணியை இரண்டு பக்கமும் வைத்து உறை போலத் தைத்துவிட்டேன். தயவுசெய்து பிரிக்காதே. பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது. அப்படியே நடுவில் வைத்துத் தைத்துவிடு.

நான் அனுப்பியதாக அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். அம்மாவுடையது என்று சொன்னால் போதும்.

ஜெருஷா


விண்டம்
20 செப்டம்பர் 1769

பிரியமுள்ள ஜெருஷா,

உன் மேல் சமாதானம் உண்டாவதாக. ஆனால் உன் கடிதம் எனக்குச் சமாதானம் தரவில்லை. பத்து வரிகூட இல்லை. உடம்புக்கு முடியவில்லையா?

மூட்டை வந்தது. வண்டிக்காரர் இறக்கி வைத்தபோது “உள்ள என்ன, கழுதையா?” என்று கேட்டார். அம்மாவின் கம்பளி இவ்வளவு கனமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. கடல் காற்றில் உப்பு ஏறியிருக்கும் என்றார் உன் அத்தான். நீ சொன்னபடி பிரிக்கவில்லை. அடித்துணி, மூட்டை, மேல்துணி மூன்றையும் அடுக்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டியாயிற்று. கூடத்தில் நடக்க இடமில்லை. நாங்கள் சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போய்வருகிறோம். மாதுளையும் இறகும் நீலத்தின் மேல் வெள்ளைக் கோடாகத் துலங்குகின்றன. அக்டோபர் ஐந்தாம் தேதி பெண்கள் வருகிறார்கள். உனக்கு ஓர் இடம் விட்டு வைக்கட்டுமா, வேண்டாமா?

இன்னொன்று. ஊர் ஊராகப் பித்தான் விற்கிறவன் வந்தான். உங்கள் பக்கத்துப் பத்திரிகையில், இங்கிலாந்துச் சரக்கைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கள்ளத்தனமாக அதை விற்றவர்கள் என்று சில பெயர்கள் வந்ததாம். பெலேக் மாப்பிள்ளையின் பெயர் போல ஒன்று அதில் இருந்ததாம். “அந்தப் பேருல ஊருக்குப் பத்து ஆள் இருப்பாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் நம்பவில்லை. ஆனால் நீ ஒரு வரி எழுது.

உன் அக்கா
கெசியா


விண்டம்
6 அக்டோபர் 1769

ஜெருஷா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்றாலும் நீ சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

நேற்று எப்படித் தொடங்கியது தெரியுமா? என் வீட்டில் அதைப் போல ஒரு நாள் வந்ததில்லை. கூடத்தில் சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தாமரிஸ் அம்மாள் தலைமாட்டில். எதிரே போதகர் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் கொல்லன் மனைவி சைலன்ஸ். பெற்றவர்கள் மௌனம் என்று பெயர் வைத்தார்கள், அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்பில் பூசணி அப்பம் மணக்கிறது. ஹல்டா வெட்கத்தில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள்.

முதலில் சைலன்ஸ்தான் ஆரம்பித்தாள். “கெசியாக்கா, உள்ள என்ன வச்சிருக்க? கூரைப் பலகையா? ஊசி போகவே மாட்டேங்குது.”

“எங்க அம்மா கம்பளி” என்றேன்.

“உங்க அம்மா ஆடு வளத்தாங்களா, முள்ளம்பன்றி வளத்தாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு ஊசியும் இறங்கும்போது கிறீச் என்று ஒரு சத்தம். இங்கே கிறீச், அங்கே கிறீச். கம்பளி அப்படிக் கத்தாது. சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. எல்லோருக்கும் கேட்டது, யாரும் நிமிரவில்லை. தாமரிஸ் அம்மாள் மட்டும் ஊசியைப் பாதியில் நிறுத்தினாள்.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மெருகு போட்ட இங்கிலாந்துத் துணி. என் கல்யாணப் பாவாடை நான் நடக்கும்போது இப்படித்தான் கத்தும். கத்தரிக்கோலக் குடு.”

நான்தான் கொடுத்தேன். ஓரத் தையலை அவள் பிரித்தாள். லினன் உறையையும் பிரித்தாள். உள்ளே சிவப்பு. சிறிதும் தேயாத சிவப்பு, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கிறது. எனக்கு அதைத் தெரியாதா ஜெருஷா? உன் கல்யாணக் கட்டிலில் விரித்த போர்வை. லண்டனிலிருந்து பெலேக் கொண்டு வந்தது.

சைலன்ஸ்கூட வாயைத் திறக்கவில்லை.

“ஒத்த இழை இருக்கப்படாதுன்னு சொன்னேன். நீ முழுப் போர்வையவே வச்சிருக்க” என்றாள் தாமரிஸ் அம்மாள். எழுந்து தொப்பியைக் கட்டினாள். “ரெண்டு வாரம் தர்றேன். இதை உருவி எடுத்துட்டுச் சொல்லி அனுப்பு. இல்லேன்னா என் பையன் இனி உங்க வாசப்படி ஏற மாட்டான்.”

ஹல்டா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நான் சபைப் பெண்கள் முன்னால் பொய்க்காரி ஆனேன். அந்தப் பித்தான்காரன் சொன்னதும் உண்மைதான் போல. அதை ஊரார் மூலம் கேட்க வைத்தாயே!

நாளைக்கே உருவி எடுத்து உனக்குத் திருப்பி அனுப்பக் கை துடிக்கிறது. ஆனால் அந்தச் சிவப்பைத் தொட்டபோது என்னவோ செய்தது. உன் பதில் வரும்வரை கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். ஏன் செய்தாய்? அதை மட்டும் சொல். அலங்காரம் வேண்டாம்.

கெசியா


நியூபோர்ட்
14 அக்டோபர் 1769

அக்கா,

உன் கோபம் நியாயம். ஹல்டாவை நினைத்துத் தூக்கமில்லை. நீ கேட்டபடி அலங்காரமில்லாமல் எழுதுகிறேன்.

பத்திரிகையில் வந்த பெயர் என் வீட்டுக்காரருடையதுதான். மற்ற வியாபாரிகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார். வசந்தத்தில் ஒரு பெட்டி வந்தது. திருப்பி அனுப்பாமல் பின்வாசல் வழியாக விற்றார். அவரை நான் நியாயப்படுத்த மாட்டேன், விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அதற்குப் பிறகு வாசல் கதவில் தார் பூசினார்கள். அதைத் துடைத்துவிட்டேன். ஆனால் தையலுக்கு வந்துகொண்டிருந்த ஏழு பேரில் ஒருத்தியும் திரும்ப வரவில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பி மீன்காரனிடம் விலை கேட்கிறார்கள். தூணுக்குப் பின்னால் நாங்களாகப் போய் உட்காரவில்லை அக்கா. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள்.

கோடையில் ஊர்க் கமிட்டி ஒரு வழி சொன்னது. வீட்டிலிருக்கிற இங்கிலாந்துத் துணி எல்லாவற்றையும் ஒப்படைத்தால் பூட்டி வைப்பார்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். நான் சம்மதித்தேன். திரைச்சீலை, மேஜை விரிப்பு, என் நல்ல பாவாடை எல்லாம் கொடுத்தேன். அந்தச் சிவப்பை மட்டும் கொடுக்க முடியவில்லை.

நான் மூன்று பிள்ளைகளைப் புதைத்தது உனக்குத் தெரியும். கடைசிப் பையன் ஏனோஸ் மட்டும்தான் சில வாரம் உயிரோடு இருந்தான். ஜனவரிக் குளிர். அந்தச் சிவப்பில்தான் சுற்றி வைத்திருந்தேன். மெருகுத் துணி அவன் கன்னத்தில் பட்டால் சிரிப்பது போல வாயை இழுப்பான். கமிட்டியின் கிடங்கில் எலிகளோடு அதைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை. என் கட்டிலில் விரிக்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் நீ நடுவில் வைக்கக் கம்பளி கேட்டு எழுதினாய். ஹல்டாவின் நீலத்துக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது, அதன் கீழே ஒரு பிள்ளை உறங்கும், வளரும் என்று நினைத்தேன். உன் வாக்கை நான் உடைக்கிறேன் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தும் செய்தேன் என்பதுதான் உண்மை.

அம்மாவின் கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. நாளை அனுப்புகிறேன். சிவப்பை உருவி எடுத்துவிடு. கல்யாணம் நடக்க வேண்டும். போர்வையை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். என்ன செய்தாய் என்றும் சொல்ல வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லாத
ஜெருஷா


விண்டம்
24 அக்டோபர் 1769

என் கண்ணே ஜெருஷா,

நம்மைக் காண்கிறவர் உன்னையும் கண்டார். அதற்கு மேல் வணக்கம் எழுதப் பொறுமையில்லை, மை சிந்துகிறது. சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை, உன் அத்தானுக்குக்கூட. ஹல்டாவை மட்டும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் மேலே இழுத்த வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டாள். பிறகு, “அம்மா, அதை எடுத்தா நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்” என்றாள்.

“எடுக்கலேன்னா கல்யாணமே இல்லடி.”

“தெரியும்.”

தாமரிஸ் அம்மாள் கொடுத்த கெடு முடிந்து நேற்று வந்தாள். கூடவே அத்தனை பெண்களும் வந்தார்கள். தைக்க வந்தார்களா, வேடிக்கை பார்க்க வந்தார்களா, கர்த்தருக்குத்தான் தெரியும். அவரவர் ஊசியும் விரல்பூணும் கையில்.

“உருவியாச்சா?” என்றாள் உள்ளே நுழைந்ததுமே.

“இல்ல சம்பந்தி.”

“நேரம் கிடைக்கலியோ?”

“உருவப் போறதில்ல. வாக்குக் குடுத்தேன், தவறிப்போச்சு. அதுக்காக ஓய்வுநாள்ல சபை முன்னால எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இந்தப் போர்வை இங்கதான் இருக்கும்.”

“காரணம்?”

“அது என் தங்கச்சியோடது. நான் சொல்ல மாட்டேன்.”

என் குரல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஹல்டாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது, ஆனால் என் பக்கத்தில் வந்து நின்றாள். தாமரிஸ் அம்மாள் வாசலைப் பார்க்கத் திரும்பினாள். அப்போது சைலன்ஸ் தொண்டையைக் கனைத்தாள்.

“போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன் பெரியம்மா. உங்க ஊசி எந்த ஊரு?”

“என்னது?”

“கையில வச்சிருக்கீங்களே, அந்த ஊசி. எந்த ஊருல அடிச்சது?”

தாமரிஸ் அம்மாள் ஊசியை விரலிடுக்கில் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் தங்கள் தங்கள் ஊசியைக் குனிந்து பார்த்தார்கள்.

“என் வீட்டுக்காரர் கலப்பைக்குக் கொழு அடிப்பாரு, கதவுக்குக் கீல் அடிப்பாரு. போன வாரம் ஊசி ஒண்ணு அடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். பாவம், ஒரு நாள் பூரா அடிச்சாரு. அதை வச்சுப் பன்னி குத்தலாம். கடலுக்கு இந்தக் கரையில ஊசி அடிக்கிற கொல்லன் ஒருத்தன் இருந்தாச் சொல்லுங்க, அவன் காலைக் கழுவுறேன். இங்க இருக்கிற ஊசி அத்தனையும் கப்பலேறி வந்தது.”

“நூல்னுதான் நான் சொன்னேன். ஊசின்னு சொல்லல.”

“சரிதான். அப்ப ஊசி இல்லாமத் தைங்க.”

போதகர் மனைவிக்கு ஆப்பிள் மது மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தாமரிஸ் அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் ஊசியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது எங்க அம்மா ஊசி. சாகுறப்ப என் கையில குடுத்தது. இதைத் தூக்கிப் போடச் சொல்றியா?”

“நான் யாரையும் எதையும் தூக்கிப் போடச் சொல்லலியே பெரியம்மா” என்றாள் சைலன்ஸ். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

தாமரிஸ் அம்மாள் தொப்பியை அவிழ்த்தாள். சட்டத்தருகே வந்து, பிரித்த ஓரத்தைத் தூக்கி, உள்ளே கையை விட்டுச் சிவப்பைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் தடவினாள்.

“தேஞ்ச துணி இல்ல. நல்லா வச்சிருந்த துணி. இதைப் போய் ஒருத்தி மறைச்சுத் தைக்கச் சொல்லி அனுப்புறான்னா...” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “உன் தங்கச்சிக்குப் பிள்ளைங்க?”

“இல்ல.”

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் ஆற்றங்கரைக் கல்லறையில் இரண்டு சின்னக் கற்கள் இருக்கின்றன. பிறகு பழைய குரலில், “உள்ள இருந்துட்டுப் போகட்டும். ஆனா களவா இருக்கப்படாது. இந்த ஓரத்தை ஒரு சாண் திறந்தே வைங்க. அனுப்பினவ வந்து எங்க எல்லார் முன்னாலயும் உக்காந்து அதைத் தச்சு மூடட்டும். அவ வந்தாத்தான் கல்யாணம்” என்றாள்.

அது தண்டனையா அழைப்பா என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டார்கள். கிறீச், கிறீச், கூடம் முழுக்கக் கிறீச். அந்திக்குள் முக்கால்வாசி முடிந்தது. இறகும் மாதுளையும் மேடு மேடாக எழும்பி நிற்கின்றன! கிளம்பும்போது தாமரிஸ் அம்மாள் வாசலில் நின்று கேட்டாள், “உன் தங்கச்சி எந்தக் கையால தைப்பா?”

“இடக்கை.”

“அப்ப இந்த ஜன்னல் வலப்பக்கம் வர்ற மாதிரி உக்கார வை. நிழல் விழாது.”

அழைப்புதான் ஜெருஷா! வா. அம்மாவின் கம்பளி இங்கே வந்து சேர்ந்தால் அதை நீயே திரும்ப எடுத்துக்கொண்டு போ.

உன் கெசியா


நியூபோர்ட்
31 அக்டோபர் 1769

என் அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதே. மடிப்பில் கிழிந்துவிட்டது. சுகம்தான், முன்னைவிடச் சுகம்.

பெலேக்கிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடம் தந்தார். “நானும் வந்தா உன்னையும் சேத்து முறைப்பாங்க. நீ போ. அந்தப் பொண்ணுகிட்ட, அவ சித்தப்பா...” என்று தொடங்கி முடிக்காமல் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மழையோடு திரும்பி வந்து, ஒன்பதாம் தேதி வியாழக்கிழமைப் படகில் இடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நார்விச் துறைக்கு அத்தான் வண்டி கொண்டு வர முடியுமா? முடியாவிட்டால் நடப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், நடப்பேன்.

பரணிலிருந்த ராட்டையை இறக்கிவிட்டேன். வாரில் எலி கடித்திருந்தது, முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கல்யாணமான பிறகு நான் நூற்கவே இல்லை. முதல் சிட்டம் கயிறு மாதிரி வந்தது, இரண்டாவது அறுந்து அறுந்து வந்தது. மூன்றாவது பரவாயில்லை. அங்கங்கே இழை தடித்துக் கண்டு விழுந்திருக்கிறது, பார்த்தால் சைலன்ஸ் சும்மா விட மாட்டாள். ஆனால் ஒவ்வொரு இழையும் என் விரலில் பிறந்தது. தாமரிஸ் அம்மாள் எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டிப் பார்க்கட்டும்.

பயமும் இருக்கிறது அக்கா. ஒரு சாண் ஓரத்தைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்! அதை மெதுவாகத் தைக்கலாம் என்று இருக்கிறேன். இந்த ஊரில் ஆறேழு மாதமாக யாரும் என் முழங்கையை இடித்து, “நூலை இந்தப் பக்கம் தள்ளேன்” என்று கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. நீ இதைப் பிரிக்கும்போது நான் படகில் இருப்பேன்.

புறப்படுகிறேன்,
ஜெருஷா